காற்றுப்படாத நாற்று

நாற்றங்கால்காரரின் மனைவி திரும்பி வந்த அன்று, நான் அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி, பாகம் பாகமாகச் சாக்கின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் பழுது பார்ப்பதுதான் என் தொழில். அந்த மோட்டாருக்குப் பெரிய நோய் ஒன்றும் இல்லை. தொட்டியின் அடியில் படிந்த மணலையும் சேர்த்து உறிஞ்சி உறிஞ்சி, உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்துபோயிருந்தன. இதழ் தேய்ந்தாலும் சக்கரம் சுற்றும், சத்தமும் வரும். தண்ணீர் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அதனால்தான் பலர் கடைசி வரை மோட்டார் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சாலையில் பஸ் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. பின்னாலேயே புழுதி வந்தது. புழுதிக்குள்ளிருந்து இரண்டு பைகளோடு ஓர் அம்மாள் வந்தாள். கொளுத்துகிற வெயிலில் இடுப்பில் ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கட்டியிருந்தாள்.

"யாருமே இல்லையா வீட்ல?"

அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். வீட்டை ஒட்டி நாற்றுக்காகப் போட்டிருந்த நிழல்வலைக் கூடத்துக்குள் ஏதோ தடதடவென்று விழுந்தது. நாற்றங்கால்காரர் கையில் ஒட்டிய மண்ணோடு வெளியே வந்து நின்றார்.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். நாலு வருஷம் பிரிந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது.

நான் அவர்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் தங்கை தூரத்து மலையூரில் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டாள். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அக்காவால் வர முடியவில்லை. தங்கைக்குக் காதும் மந்தம். கூடவே இருந்து, கத்திப் பேசி, ஊட்டி, துடைத்து, கடைசியில் அவளை அடக்கம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அண்ணன் முதலில் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். நாற்றை விட்டுவிட்டு எத்தனை தடவை போக முடியும்? பிறகு போன். "நல்லா இருக்கியா?" "இருக்கேன். நீங்க?" "இருக்கேன்." நாள் போகப் போக அதுவும் தேய்ந்தது.

அக்கா பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"தம்பி, இது வீடா குடோனா?"

எட்டிப் பார்த்தேன். முன்னறையில் கூரை வரை குழித்தட்டுகள் அடுக்கியிருந்தன. தேன்கூட்டைப் போல வரிசையாகக் குழிகள் கொண்ட கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகள், குழிக்கு ஒரு விதை. அக்காவின் கட்டில் மேல், தட்டுகளில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் தேங்காய் நார்க்கழிவு மூட்டைகள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் விதைப் பொட்டலங்கள், அவற்றின் நடுவே இரண்டு முட்டை. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அண்ணன் உருளைக்கிழங்கையும் முட்டையையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டுவிடுவார். படுக்கை மோட்டார் அறையில், மடக்குக் கட்டிலில்.

"அங்க ஏன் படுக்கறீங்க?"

"தெளிப்பான் நின்னா சத்தம் நிக்கும். உடனே முழிப்பு வரும்" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "கேட்டியா தம்பி? வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட முடியப் பிடிச்சுச் சண்டை போட்டு விரட்டியிருப்பேன். இந்தத் தட்டுங்களோட எப்படிச் சண்டை போடறது?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றுவிட்டது. மூட்டைகளைக் கட்டிலிலிருந்து இறக்கி வைத்தார். கட்டில் மட்டும் காலியானது. அன்றைக்கும் அவர் மோட்டார் அறையில்தான் படுத்தார்.

அந்த நிழல்வலைக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

அக்கா ஊருக்குப் போன காலத்தில் வலையும் இல்லை, தட்டும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் மேட்டுப்பாத்தி போட்டுத்தான் நாற்று விட்டார்கள். வெயிலும் காற்றும் நேரடியாக அடிக்கும். மாலையில் பாத்தி காய்ந்து வெடித்துக் கிடக்கும். அக்கா வாளி வாளியாக ஊற்றுவாள். ஊற்றியே ஆக வேண்டும். அவள் போன பிறகு இரண்டு கோடைகள் விதையை மண்ணிலேயே பொசுக்கிவிட்டன. அண்ணன் வலைக்கும் தட்டுக்கும் மாறினார்.

வலைக்குள் வெயில் பாதிதான் இறங்கும். தெளிப்பான் பனியைப் போல நீர் தூவும். விதைக்குச் சுகமான இடம். ஆனால் அந்தச் சுகத்தோடு ஒரு தொல்லையும் வரும். செடிக்குக் கண் கிடையாதே தவிர, தன்மேல் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும். வானத்திலிருந்து நேரே வரும் வெளிச்சம் வேறு, இன்னொரு இலையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் வேறு. இலை தனக்கு வேண்டிய சிவப்பு ஒளியைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடும். அந்த மிச்ச வெளிச்சம் பட்டால் நாற்று தெரிந்துகொள்ளும், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று. இன்னும் நிழல் விழக்கூட இல்லை, அதற்குள் மேல்நோக்கி ஓட ஆரம்பித்துவிடும். வேரை மறந்து, தண்டின் தடிமனை மறந்து, உயரம் ஒன்றையே பார்க்கும். தட்டில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் நாற்றுகள் எல்லாமே இப்படி ஓடினால் மிஞ்சுவது பச்சை நூல்தான்.

இன்னொன்று, காற்று. வெட்டவெளியில் காற்று ஆட்ட ஆட்டத்தான் தண்டு குட்டையாகி உருண்டு திரளும். வலைக்குள் காற்று கிடையாது. ஆட்டுகிறவர் இல்லாவிட்டால் தண்டு எதற்காகத் தடிக்க வேண்டும்?

அதனால் அண்ணனிடம் ஒரு கம்பு இருந்தது. பழைய துணி சுற்றிய நீளமான கம்பு. தினமும் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாத் தட்டுகளின் மேலும் நாற்றுகளின் நுனி வளைந்து நிமிருமாறு தடவிக்கொண்டே போவார், திரும்பி வருவார். காற்றுக்குப் பதில் அவர். கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைப்பார், மேல்வலையைச் சுருட்டிவிடுவார். மதியத்தில் நாற்று தலை தொங்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் அந்த வாரத்தில் விரியும் புது இலை சின்னதாக, கெட்டியாக, மேலே மெழுகு பூசியது போல வரும். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். ஏற்கெனவே விரிந்த இலை மாறாது, அது மெல்லியது மெல்லியதுதான். மாறுவது இனி வருவதுதான். 'பழக்கறது' என்பார் அண்ணன் இதை. பழக்கிய நாற்றை வயலில் நட்டால் நிற்கும்.

அக்காவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த நாற்றங்கால் இப்போது இல்லை.

மறுநாள் புது இதழ்ச்சக்கரம் பொருத்த வந்தபோது, அண்ணன் நாற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா வலை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன, தலை சீவி விடறீங்களா? ரிப்பன் கட்டலையா?"

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு உரம் கலக்கப் போய்விட்டார்.

அவர் வேண்டுமென்று பேசாமல் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பழுது பார்க்க நான் போகும்போதுகூட, கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவருக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகும். காலையிலிருந்து மாலை வரை வாய் திறக்க அவசியமில்லாத வாழ்க்கை. அக்காவோ காது கேளாதவளிடம் நாளெல்லாம் கத்திப் பேசிக் கழித்தவள். அவள் "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டால் அவருக்குத் தூக்கிவாரிப்போடும். பதில் வருவதற்குள் அவள் டீயைக் குடித்து முடித்து, தம்ளரையும் கழுவிவிடுவாள்.

ஒன்றிரண்டு நாள் வீட்டை ஒழித்துப் பார்த்தாள். தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். பிறகு, மோட்டார் ஓட்டத்தைச் சரிபார்க்க நான் போயிருந்த அன்று, வலைக்குள் வந்தாள். தக்காளி நாற்று, ஒரு தோட்டக்காரர் சொல்லி வைத்தது. கடைசி வாரம். அண்ணன் அப்போதுதான் தண்ணீரைக் குறைத்து மேல்வலையைச் சுருட்டிவிட்டிருந்தார். மத்தியான வெயிலில் தட்டுத் தட்டாகத் தலை தொங்கியது.

"ஐயையோ, பச்சப்புள்ளைங்கள இப்படிக் காயப்போட்டா எப்படி?"

குழாயைத் திறந்தாள். தட்டின் அடியில் ஒழுகும் வரை ஊற்றினாள். மேல்வலையை இழுத்து மூடினாள். அரை மணி நேரத்தில் நாற்றெல்லாம் நிமிர்ந்து நின்றது. அக்கா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அதுவே அவள் வேலையாகிவிட்டது. துணி சுற்றிய கம்பைக் கொல்லையில் இரண்டு கவைக்குச்சிகளின் மேல் கட்டி அதில் துணி காயப்போட்டாள்.

சில நாள் கழித்து, தெளிப்பான் குழாய் முனைகளில் அடைப்பு எடுக்க நான் போனபோது நாற்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. இலை அகலம், பளபளப்பு. தண்டு வெளிறி நீண்டுகொண்டிருந்தது.

"அண்ணே, நாத்து ஓடுதே."

"தெரியும்."

"அக்காகிட்ட சொல்லலையா?"

கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லணும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்லிடாதப்பா" என்றார்.

வலையின் அந்தக் கோடியில் அக்கா தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீ மட்டும் ஏண்டி ஒல்லியா இருக்க? பக்கத்துல இருக்கறவளப் பாரு." அண்ணன் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை என்று அடைப்பை எடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் அக்கா என்னை நிறுத்தி ரொட்டியும் டீயும் கொடுத்தாள். தானும் படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நீயே சொல்லு. இந்த வீட்டுல நான் எங்க உட்காரணும்?"

"ஏங்கா அப்படிக் கேக்கறீங்க? உங்க வீடு."

"எங்க வீடுதான். எந்தச் சாமானத் தொட்டாலும் அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. நான் எடுத்தா அதோட இடம் காலியாத் தெரியுது. நான் வர்றதுக்கு முன்னாடி இங்க ஏதாவது காலியா இருந்துச்சா? இல்ல. அந்த மனுஷன் தானா சமைச்சு, தானா துவைச்சு, ஒரு சத்தம் இல்லாம இருக்காரு. நான் வந்துதான் சத்தம்."

டீயை ஊதினாள்.

"தங்கச்சி பையன் போன் பண்ணிக்கிட்டே இருக்கான். அங்க வீடு சும்மா கிடக்கு, வந்துடு பெரியம்மாங்கறான். அவன் பேக்கரியில உட்கார ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லுன்னு கேட்டிருக்கான். என் உடம்புக்கும் அந்தக் குளிர்தான் ஒத்துக்குது. இங்க வந்ததுல இருந்து ஒரே வேர்க்குரு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அப்படியா'ன்னாரு." அக்கா தம்ளரைப் படியில் வைத்தாள். "போகாதேன்னும் சொல்லல. போன்னும் சொல்லல. அப்படியா! சொல்லு தம்பி, அதுக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கறது? வேண்டாதவளாயிட்டேன்னா போயிடறேன். எனக்கொண்ணும் வருத்தமில்ல."

வருத்தமில்லை என்று சொன்ன குரல் வழக்கம்போல் உரக்க இருந்தது. கண்கள் மட்டும் நிழல்வலைப் பக்கம் போய்விட்டு வந்தன.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் தோட்டக்காரர் வண்டியோடு வந்தார். பின்கொல்லைத் தொட்டிக்கு ஒரு குழாய் இழுத்துத் தரச் சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். தோட்டக்காரர் வலைக்குள் நுழைந்தார். ஒரு தட்டின் முன்னால் குனிந்தார். நிமிர்ந்தார்.

"என்னய்யா இது? நாத்து கேட்டா நூல்கண்டு காட்டற?"

அக்காதான் முன்னால் வந்தாள். "ஏங்க, நல்லா தளதளன்னுதானே இருக்கு? எவ்வளவு உசரம் பாருங்க."

"உசரந்தாம்மா. இது வயலுக்குப் போற நாத்தா, பொண்ணு பார்க்கப் போற நாத்தா? இந்த மினுமினுப்பு மினுக்குது."

ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வலைக்கு வெளியே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். மத்தியானம். மேற்கேயிருந்து புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தட்டைத் தரையில் வைத்தார். முதல் வீச்சிலேயே நாற்றுகள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தன. காற்று நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. தண்டின் பாதியில் மடிந்து, தட்டின் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தன. மெல்லிய அகலமான இலைகளுக்கு வெயிலில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. கண்ணெதிரே சுருண்டன. ஒரு செடி தான் வளர்ந்த இடத்துக்கு எவ்வளவு சரியாகத் தன்னைச் செய்துகொள்கிறதோ, இடம் மாறும்போது அவ்வளவுக்கும் சேர்த்துத் தவிக்கிறது.

"இத்தனை வருஷமா உன்கிட்ட எடுக்கறேன். ஒரு தட்டு திருப்பியிருப்பேனா?" என்றார் தோட்டக்காரர். "உழுது போட்டுட்டு வந்து நிக்கறேனே. எவன் என்ன பண்ணான்?"

அண்ணனுக்கு இந்தத் தடவை பதில் சீக்கிரம் வந்தது. "என் கைப்பிசகுதான். தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. நிழலும் ஜாஸ்தியாயிடுச்சு. நான் பார்த்திருக்கணும்."

"நீயா! உனக்கா தெரியாது?" தோட்டக்காரர் நம்பாமல் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு நாற்றங்காலைத் தேடிப் போனார்.

அக்கா தட்டின் பக்கத்தில் அப்படியே குந்தியிருந்தாள். ஒரு நாற்றைத் தூக்கி நிறுத்தி விரலை எடுத்தாள். விழுந்தது.

"தண்ணி ஊத்துனது நான்" என்றாள்.

அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஊத்தறத நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"தினமுமா?"

"தினமும்."

"வலைய இழுத்து மூடுனத?"

"பார்த்தேன்."

"அந்தக் கம்புல துணி காயப்போட்டனே?"

"என் சட்டையும் அதுலதானே காஞ்சது."

அக்கா எழுந்தாள். "அப்புறம் ஏன் சொல்லல? கூலிக்கு வந்தவள்கிட்டக்கூட 'ஏம்மா, இப்படிச் செய்யாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே. என்னைத் திட்டக்கூட உங்களுக்குத் தோணலையா? அவ்வளவு அசலாளா ஆயிட்டேனா நான்?"

நான் குழாய்த் துண்டை அளந்துகொண்டே இருந்தேன். அளந்த துண்டையே திரும்பவும் அளந்தேன். எழுந்து போனால் அதுவும் ஒரு சத்தம்.

"சொன்னா விட்டுடுவ" என்றார் அண்ணன்.

"எத விட்டுடுவேன்?"

"வலைக்குள்ள வர்றத."

அக்கா அவரையே பார்த்தாள். அவர் தன் கையில் காய்ந்திருந்த மண்ணை உரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள நான் மட்டும்தான் இருந்தேன். தெளிப்பான் சத்தம், அத விட்டா என் செருப்புச் சத்தம். நீ வந்து அதுங்ககிட்ட பேசிக்கிட்டு நடந்த. நாத்து போனாப் போவுது, திரும்ப விதைச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

"அதுக்குன்னு?" அக்காவின் குரல் ஏறியது. "அதுக்குன்னு அந்த மனுஷனோட நாத்த நாசம் பண்ணுவீங்களா? பாவம், உழுது போட்டுட்டு வந்து நின்னாரு! வாயத் தொறந்து 'ஊத்தாதடி, ஆனா உள்ளயே இரு'ன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணன் யோசித்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று நிஜமாகவே கணக்குப் பார்ப்பது போல இருந்தது. பிறகு சொன்னார்: "எனக்கு ரொம்ப நேரம் ஆகுது."

அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று மாலை வரை அவள் குரலே கேட்கவில்லை. அந்த வீடு அவள் வருவதற்கு முன்னால் இருந்தது போல ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. மிச்ச வேலையை நாளைக்கு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் போனபோது அக்காவின் பைகள் இரண்டும் முன்னறையில் தட்டுகளின் பக்கத்தில் கட்டித் தயாராக நின்றன. அக்கா வீட்டில் இல்லை. பின்கொல்லையில் இருந்தாள். கொல்லையில் பழைய மேட்டுப்பாத்தி புல் மண்டிக் கிடந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கொத்திப் புரட்டியிருந்தாள். தோட்டக்காரர் ஒதுக்கிய நாற்றுத் தட்டுகள் சுற்றிலும் கிடந்தன.

"என்னக்கா பண்றீங்க?"

"தக்காளிதானே? படுக்கப்போட்டு நட்டா தண்டு பூரா வேர் விடும். பாத்தியில நாத்து ஓடிப்போச்சுன்னா அந்தக் காலத்துல நான் அப்படித்தான் செய்வேன். போறதுக்குள்ள முடிச்சுட்டுப் போறேன். குப்பையில கொட்ட மனசு வரல."

அவள் சொன்னது உண்மைதான். மிளகாயிடம் இது செல்லாது. தக்காளித் தண்டு அப்படியல்ல. மேலே நிற்கும் வரை அது தண்டு. மண்ணுக்குள் இருட்டும் ஈரமும் பட்டால், தண்டாக இருந்த இடத்திலேயே உள்ளேயிருந்து வேர் துளைத்துக்கொண்டு வரும். நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. ஓடிய உயரம் ஓடியதுதான். ஆனால் அந்த நீளம் முழுவதையும் மண்ணுக்குள் படுக்கவைத்து, நுனியில் இரண்டு இலை மட்டும் வெளியே தெரிய விட்டால், வெட்டவெளியில் இனி விரியும் இலைகள் அந்த வெயிலுக்கு ஏற்றபடி கெட்டியாக விரியும். தோட்டக்காரருக்கு இது உதவாது. இவர்களுக்குச் சாப்பிடக் காய்க்கும்.

அக்கா விரலால் நீளமாகப் பள்ளம் கீறினாள். நாற்றைப் படுக்கவைத்தாள். மூடினாள். நான் தொட்டியோரம் குழாயை இணைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலைக்கூடத்தின் பின்வாசல் வழியாக அண்ணன் வந்தார். நின்று பார்த்தார். அடுத்த வரிசையின் மறுகோடியில் குந்தி, அவரும் நட ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி வெற்று மண். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அவ்வளவு ஆழம் போகாத" என்றார் அண்ணன், நட்டுக்கொண்டே. "அடி மண்ணு சொதசொதங்குது."

அக்காவின் கை நின்றது. "இப்ப வருது பேச்சு."

"அழுகிடும்னு சொன்னேன்."

"நான் இந்தப் பாத்தியில நட்டப்போ நீங்க தண்ணி தூக்கிக்கிட்டு இருந்தீங்க. ஆழத்தப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டாரு."

"அப்ப தெளிப்பான் தண்ணி இங்க கசியல."

அக்கா குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அடுத்த பள்ளத்தைக் கொஞ்சம் மேலாகக் கீறினாள்.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. தட்டுகளின் மேல் கிடந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா முழங்கை வரை ஈரமண்ணாக இருந்தாள்.

"ஏங்க, தங்கச்சி பையன்தான். எடுங்க."

"நானா?"

"பின்ன, இந்தத் தம்பியா எடுக்கும்?"

"என்ன சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்? அவன் கேக்கறதுக்கு உங்க வாயில என்ன வருதோ அதச் சொல்லுங்க."

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தார்.

"ஆமா... நான்தான், பெரியப்பாதான்... இருக்கேன்." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் பையன் நிறையப் பேசினான் போலிருக்கிறது. "பஸ்ஸா? எத்தனை மணிக்குன்னு..." நிறுத்தினார். அக்காவின் முதுகைப் பார்த்தார். அவள் ஒரு நாற்றைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா" என்றார். "அது வந்து... அவகிட்ட நான் இன்னும் கேக்கலப்பா. இங்கயே இருக்கியான்னு இன்னும் கேக்கல. இனிமேதான் கேக்கணும். நீ போன வை."

போனைத் தட்டின் மேல் வைத்தார். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

அக்கா தலை நிமிரவில்லை. நாற்றின் மேல் மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

"கேளுங்க" என்றாள்.

அண்ணன் வந்து அவள் வரிசைக்கு எதிரே குந்தினார். வாயைத் திறந்தார், மூடினார். அக்கா கையை மண்ணிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவருக்கு நேரமாகும். நான் எழுந்து, அவர்கள் பக்கம் திரும்பாமல், வெளியே வந்துவிட்டேன்.